பிழைக்குப் பொறுப்பாளி யார்?

2014ஆம் ஆண்டில் டொராண்டோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் சிலர், பல கணினிகளில் பரவி இயங்கும் ஐந்து பெரிய மென்பொருள்களை எடுத்துக்கொண்டு, கசாண்ட்ரா, எச்பேஸ், எச்.டி.எஃப்.எஸ்., மேப்ரெட்யூஸ், ரெடிஸ் என்னும் அவ்வைந்திலும் நேர்ந்த தோல்விகளுள் 198ஐத் தேர்ந்து, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கி எவ்வாறு வளர்ந்தது என்று துருவிப் பார்த்து, தாம் கண்ட முடிவை வெளியிட்டார்கள். சேவையையே ஸ்தம்பிக்கச் செய்த மிகக் கொடிய தோல்விகளில் 92 சதவீதம், தம்மளவில் பிராண அபாயம் விளைவிக்காத பிழைகளை, அதுவும் மென்பொருளே வாய்விட்டு அறிவித்த பிழைகளை, முறைதவறிக் கையாண்டதனால் விளைந்தவை என்பதே அம்முடிவு. வட்டு பழுதானதும் வலைத்தொடர்பு அறுந்ததும் அவ்வீழ்ச்சிகளுக்குத் தோற்றுவாயாக இருந்திருக்கலாம். ஆனால் ‘பழுது நேர்ந்தது’ என்ற செய்தி கைக்கு வந்து சேர்ந்த பிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அறியாமையே அவற்றை வீழ்த்தியது.

அம்மென்பொருள்களுள் எதுவும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டதன்று. ஆயினும் சர்வரில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டைப் பற்றி எழுதப் புகும்போது அந்த ஆய்விலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். பிழை நேரும்போது அதை யாரிடம் சேர்ப்பது, அது உரியவரிடம் சேர்ந்ததா என்று எவ்வாறு அறிவது என்ற வினா, மற்றப் பல மொழிகளைக் காட்டிலும் இம்மொழியில் சிக்கலாகிவிட்டது. சர்வர் ஜாவாஸ்கிரிப்டின் சரித்திரத்தில் பெரும்பகுதி, பிழைக்கும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவருக்கும் நடுவே அறுந்துபோன தொடர்பை மறுபடி முடிந்துவைக்கும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகிறது.

இம்மொழியின் பிறப்பே பிழையைப் பற்றிய ஒரு தாராள மனப்பான்மையுடன் நிகழ்ந்தது. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரெண்டன் ஐக் பத்தே நாட்களில் அதன் முதல் வடிவத்தைச் சிருஷ்டித்தார். வலைப்பக்கம் எழுதும் எளிய மனிதரும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கமாகையால், வேறு மொழிகள் கண்டிப்புடன் நிறுத்திவிடும் இடங்களில் எல்லாம் இது மௌனமாகக் கடந்து சென்றது. ஒரு பொருளில் இல்லாத பண்பைக் கேட்டால் ‘அன்டிஃபைன்டு’ என்ற வெறுமையைக் கையில் கொடுத்து மேலே போகும். சுழியால் வகுத்தால் முடிவிலியைக் கொடுக்கும். பிழையைப் பிடித்து ஆராய்வதற்கான ‘டிரை’, ‘கேட்ச்’ என்னும் சொற்களோ, மொழியின் தர நிர்ணயத்தில் 1999 டிசம்பரில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் இடம்பெற்றன. உலாவிக்குள் இந்தத் தாராளம் பெரிய தீங்கு செய்யவில்லை. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் ஒருவருடைய பக்கம் பழுதாகும். அவர் அப்பக்கத்தை மறுபடி திறந்தால் உலகம் புதிதாய்த் தொடங்கும். சர்வரின் நிலை வேறு. அங்கே ஒரே ப்ராசஸ் ஆயிரக்கணக்கானவர்களின் வேண்டுகோள்களை ஏக காலத்தில் சுமந்துகொண்டிருக்கிறது. ஒருவருடைய வேண்டுகோளில் எழும் பிழை மற்றெல்லோருடைய வேலையையும் கவிழ்த்துவிடக் கூடும்.

டிரை, கேட்ச் என்பவற்றின் பின்னால் உள்ள தத்துவம் ஜாவாஸ்கிரிப்டுக்கு வெகுகாலம் முந்தியது. 1960களில் பி.எல்.ஒன் மொழியிலேயே அதன் வித்துக்கள் உண்டு. 1975இல் ஜான் குட்இனஃப் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு சாஸ்திர வடிவம் கொடுத்தது. அதே தசாப்தத்தில் பார்பரா லிஸ்கோவின் சி.எல்.யூ. மொழி அதை நடைமுறையில் காட்டியது. தத்துவம் இதுதான்: ஒரு ஃபங்ஷன் தனக்குத் தீர்க்க இயலாத பிழையைத் தன்னை அழைத்தவருக்கு அனுப்ப வேண்டும், அவராலும் ஆகாதென்றால் அவர் தம்மை அழைத்தவருக்கு. கிராம முன்சீபால் தீர்க்க இயலாத மனு தாசில்தாரிடம் போய், அங்கும் தீராவிடில் கலெக்டரிடம் போவது போல, பிழை அழைப்புச் சங்கிலியில் படிப்படியாக மேலேறுகிறது. யாரிடம் தீர்க்கும் அதிகாரமும் அறிவும் இருக்கிறதோ அவரிடம் அது நிற்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் இது ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: மனு மேலேறும் நேரத்தில் தாசில்தாரும் கலெக்டரும் தத்தம் ஆசனங்களில் காத்திருக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டில் அந்த நிபந்தனை தகர்ந்தது. ரையன் டால் என்பவர், கூகுள் தன் குரோம் உலாவிக்காக முந்திய ஆண்டு வெளியிட்டிருந்த வி8 எஞ்சினை எடுத்து, அதை உலாவிக்கு வெளியே இயங்கவைத்து, நோட் ஜே.எஸ். என்று பெயரிட்டு, அவ்வாண்டு நவம்பரில் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில் அறிமுகம் செய்தார். சர்வர்கள் தம் ஆயுளில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கின்றன, வட்டிலிருந்து கோப்பு வருவதற்கும் தரவுத்தளத்திலிருந்து விடை வருவதற்குமாக ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு த்ரெட்டை ஒதுக்கி அதைச் சும்மா நிறுத்திவைப்பது வீண் என்பது அவர் வாதம். நோட் காத்திருப்பதில்லை. ‘விடை வந்ததும் இந்த ஃபங்ஷனை அழை’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. ஈவென்ட் லூப் என்னும் ஒரே சுழற்சி, விடைகள் வர வர, அவற்றுக்குரிய ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக அழைக்கிறது.

இதன் விளைவை நிதானமாக நோக்க வேண்டும். தரவுத்தளத்தில் ஒருவருடைய கணக்கைத் தேடும் வரியை டிரை என்னும் வேலிக்குள் ஒரு புரோகிராமர் எழுதுகிறார் என்று கொள்வோம். நோட் அந்தத் தேடலைத் தொடங்கி வைத்துவிட்டு உடனே வேலியைக் கடந்து வெளியேறிவிடும்; தேடலைத் தொடங்கிய ஃபங்ஷனும், அதை அழைத்த ஃபங்ஷனும் தத்தம் வேலையை முடித்து ஸ்டாக்கிலிருந்து மறைந்துவிடும். நாற்பது மில்லிவினாடி கழித்து விடை வருகிறது. விடையைப் பெறும் கால்பேக் ஃபங்ஷனில் ஒரு பிழை எழுகிறது. அது மேலேறப் பார்க்கிறது. அதற்கு மேலே ஈவென்ட் லூப் ஒன்றைத் தவிர எவருமில்லை. வேலி கண்ணுக்குத் தெரிகிறது, நிரலைப் படிப்பவர் பிழை அதற்குள்தான் நிகழ்கிறது என்று நம்புகிறார், ஆனால் காலத்தால் அது வேலிக்கு வெளியே நிகழ்கிறது. நிரல் எழுதப்பட்டிருக்கும் ஒழுங்கும் அது நடைபெறும் ஒழுங்கும் இங்கே பிரிந்துவிட்டன. சர்வர் ஜாவாஸ்கிரிப்டில் பிழையைக் கையாள்வதன் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவினையிலிருந்து கிளைத்தவையே.

நோட் சமூகம் முதலில் கண்ட பரிகாரம் ஒரு வழக்காறு. கால்பேக் ஒவ்வொன்றின் முதல் அளபுருவும் பிழைக்கென ஒதுக்கப்பட வேண்டும். பிழையில்லையேல் அவ்விடம் வெறுமையாக இருக்கும். கால்பேக் எழுதுபவர் முதல் வேலையாக அதைச் சோதிக்க வேண்டும். இதற்கு ஒரு சிறப்பு உண்டு: பிழை, கண்ணில் படாமல் பறந்து செல்லாமல், விடைக்கு முன்னால் வந்து நிற்கிறது. குறை என்னவென்றால், இது சட்டமன்று, நல்லொழுக்கம் மாத்திரமே. சோதிக்க மறந்தவரை மொழி தடுப்பதில்லை. பிழையை மேலே அனுப்பிவிட்டு, அத்துடன் நிறுத்தாமல் அடுத்த வரிக்கு வழுவிச் சென்று, அதே கால்பேக்கை வெற்றியென்றும் மறுமுறை அழைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நேர்ந்தது. ஒரே கட்டளைக்கு ‘தோற்றது’, ‘வென்றது’ என்று இரண்டு விடைகள் போனால், அவற்றை நம்பி நடக்கும் மேல்நிரல் என்ன நிலையில் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. தொடர்ந்து நிகழ்வுகளை வெளியிடும் பொருள்களுக்கு மட்டும் நோட் கடுமையான விதியொன்றை வைத்தது: அத்தகைய பொருள் ‘எரர்’ என்ற நிகழ்வை வெளியிடும்போது அதைக் கேட்பார் எவரும் இல்லையென்றால், அது எக்ஸெப்ஷனாக மாறி எழும், அதைப் பிடிப்பாரும் இல்லையேல் ப்ராசஸ் நின்றுபோகும். பலர் இதைக் குரூரம் என்றார்கள். கேட்பாரற்ற பிழையை மௌனமாக விழுங்குவதைவிட இது நேர்மையான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

எங்கும் பிடிபடாமல் ஈவென்ட் லூப் வரை ஏறிவந்த பிழையைக் கடைசி வாசலில் நின்று பிடிக்கவும் ஒரு வழி இருந்தது, இன்றும் இருக்கிறது. அங்கே ஒரு ஃபங்ஷனை அமர்த்தி, பிழையை லாகில் எழுதிவிட்டு, ஒன்றும் நடவாதது போல் சர்வரைத் தொடர்ந்து ஓடவிடும் வழக்கம் பரவலாக வேரூன்றியது. 2012இல் வெளிவந்த நோட் 0.8 பதிப்பு இன்னும் ஒரு படி சென்று, ‘டொமைன்’ என்ற கருவியைத் தந்தது. ஒரு வேண்டுகோளிலிருந்து கிளைக்கும் கால்பேக்குகள் அனைத்தையும் ஒரு வளையத்துக்குள் கட்டி, அவற்றுள் எங்கே பிழை எழுந்தாலும் வளையத்தின் காவலரிடம் சேர்ப்பது அதன் லட்சியம். லட்சியம் உயர்ந்ததுதான்; ஆயினும் மூன்றாண்டுகளுக்குள் அது கைவிடத்தக்கவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. காரணம் ஆழமானது. பிழை தன் இடத்திலிருந்து தாவிக் காவலரிடம் போகும்போது, அது தாவிக் கடந்த ஃபங்ஷன்கள் எல்லாம் பாதியில் நின்றுவிடுகின்றன. திறந்த கோப்பு மூடப்படவில்லை. தரவுத்தளத்திலிருந்து கடன் வாங்கிய இணைப்பு திரும்பக் கொடுக்கப்படவில்லை. இரண்டு மாறிகளை ஒன்றாக மாற்ற வேண்டிய இடத்தில் ஒன்றுதான் மாறியிருக்கிறது. பிழை பிடிபட்டுவிட்டது, உண்மை. அது கலைத்துவிட்டுப் போன வீட்டை யார் ஒழுங்கு செய்வது? கடைசி வாசலில் பிழையைப் பிடித்தபின் வழக்கம்போல் இயங்குவது பத்திரமானதன்று, மிச்சமிருப்பவற்றை மூடிவிட்டு வெளியேறவே அவ்விடம் உரியது என்று நோட்டின் அதிகாரபூர்வ ஆவணமே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படித்தும் மீறுபவர்கள், சர்வர் உயிருடன் இருப்பதையே ஆரோக்கியம் என்று மயங்குகிறார்கள்.

உண்மையான பரிகாரம் பிராமிஸ் என்னும் கருத்தில் இருந்தது. வருங்காலத்தில் வரப்போகும் விடையை, அது வருமுன்னரே ஒரு பொருளாகக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை 1976இல் டேனியல் ஃப்ரீட்மனும் டேவிட் வைஸும் அப்பெயரிட்டு வெளியிட்டார்கள். 1988இல் லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் அதைப் பிழைகளைத் தாங்கிச் செல்லவும் வல்லதாக விரித்தார்கள். அத்தகைய பொருள் கையில் இருந்தால், அழைத்தவர் ஸ்டாக்கிலிருந்து மறைந்தாலும் பாதகமில்லை. பிழை அப்பொருளில் தங்கியிருந்து, அதை வைத்திருப்பவரிடம் எப்போதாவது சேரும். வருந்தத்தக்க செய்தி என்னவெனில், 2009 ஜூனிலேயே நோட்டில் பிராமிஸ் இருந்தது. 2010 பிப்ரவரியில் டால் அதை எடுத்துவிட்டார். 2018இல் அதே பெர்லின் மாநாட்டில், நோட்டைப் பற்றித் தாம் வருந்தும் பத்து விஷயங்களைக் குறித்துப் பேசியபோது, அவர் முதலாவதாகச் சொன்னது இதைத்தான். தாம் படைத்ததன் குறையை உலகறியச் சொன்ன அந்தப் பேச்சு, இத்துறையில் நான் பெரிதும் மதிக்கும் ஒன்று. பிராமிஸ் 2015இல் மொழியின் தரத்திலேயே சேர்க்கப்பட்டது. 2017இல் ‘அஸிங்க்’, ‘அவெயிட்’ என்னும் சொற்கள் அதற்கு முடிசூட்டின. அவெயிட் என்று எழுதிய இடத்தில் ஃபங்ஷன் இடைநிறுத்தம் பெற்று, விடை வந்ததும் அதே இடத்தில், அதே டிரை வேலிக்குள், மறுபடி கண்விழிக்கிறது. பிரிந்துபோயிருந்த இரண்டு ஒழுங்குகளும் மீண்டும் ஒன்றாயின.

ஆனால் முற்றும் ஒன்றாகவில்லை. அவெயிட் எழுதினால்தான் அந்த இணைப்பு. எழுத மறந்தால், பிராமிஸ் ஒன்று பிறந்து, தோற்று, தன் பிழையை ஏந்திக்கொண்டு, வாங்குவாரின்றி நிற்கும். டிரை வேலிக்குள் இருந்து பிராமிஸை அப்படியே திருப்பிக் கொடுப்பதற்கும், அவெயிட் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதற்கும் கண்ணுக்கு ஒரு சொல்தான் பேதம்; முன்னதில் பிழை அருகிலுள்ள கேட்சைத் தொடாமலே வெளியேறும், பின்னதில் அங்கே பிடிபடும். பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘ஃபார்ஈச்’ கொண்டு அஸிங்க் ஃபங்ஷனை ஏவுபவர், அவை கொடுக்கும் பிராமிஸ்கள் எல்லாம் வீசியெறியப்படுவதைக் காண்பதில்லை. பல வேலைகளை ஒருங்கே தொடங்கும் ‘பிராமிஸ்.ஆல்’, முதல் தோல்வியைக் கண்டதும் தோல்வியென அறிவித்துவிடும். ஏனைய வேலைகள் அதன்பின்னும் நடந்துகொண்டேயிருக்கும் என்பதை அறியாமல், தோல்வியென்று சொன்னதால் எதுவும் நடைபெறவில்லை என்று கொள்வது அபாயம். நான்கு பேருக்குப் பணம் அனுப்பும் நிரலில் ஒருவருக்குப் போகாதது மற்ற மூவருக்கும் போகவில்லை என்று பொருள்படாது.

வாங்குவாரற்ற இந்தப் பிராமிஸ்களை நோட் நெடுங்காலம் சும்மா விட்டிருந்தது. 2016இல் 6.6 பதிப்பு எச்சரிக்கத் தொடங்கியது. 2020 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பு, அத்தகைய பிராமிஸ் ஒன்று தோற்றால் ப்ராசஸையே நிறுத்தும்படி இயல்புநிலையை மாற்றியது. ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் புதுப் பதிப்புக்கு மாறியதும் வீழ்ந்தன என்ற முறையீடு எழலாம். அவை அதற்கு முன்னும் பிழை செய்துகொண்டுதான் இருந்தன, சொல்லாமல் செய்துகொண்டிருந்தன.

வலைச் செயலிகளில் பலவும் நோட்டின் மேல் நேராக எழுதப்படுவதில்லை. எக்ஸ்பிரஸ் என்னும் சட்டகத்தின் மேல் எழுதப்படுகின்றன. அதில் ஒரு வேண்டுகோள், மிடில்வேர் எனப்படும் ஃபங்ஷன்கள் பலவற்றின் வழியாக வரிசையாகக் கடந்து செல்லும். பிழையைக் கையாளும் மிடில்வேருக்கு ஒரே அடையாளம், அதற்கு நான்கு அளபுருக்கள் இருக்க வேண்டும் என்பதே, மற்றவற்றுக்கு மூன்று. இது எத்தனை மெல்லிய நூல் என்று பாருங்கள். நான்காவதான ‘நெக்ஸ்ட்’ எங்கும் பயன்படவில்லை என்று நிரலைச் சரிபார்க்கும் கருவி சுட்டிக்காட்ட, சுத்தத்தில் கருத்துள்ள ஒருவர் அதை நீக்கிவிடுகிறார். அந்தக் கணமே அந்த ஃபங்ஷன் பிழை வாங்கும் தகுதியை இழந்து, மூன்று அளபுருக்களின் பொருளும் இடம்மாறி, சாதாரண மிடில்வேராகிவிடுகிறது. எந்த எச்சரிக்கையும் வராது. இதைவிடப் பெரிய இடைவெளி மற்றொன்று: எக்ஸ்பிரஸின் நான்காம் பதிப்பு பிராமிஸ் மொழித்தரமாவதற்கு முன் பிறந்ததாகையால், அஸிங்க் ஃபங்ஷனில் எழும் பிழை அதன் பிழை மிடில்வேருக்குப் போய்ச் சேராது. பழைய நோட்டில், வேண்டுகோள் அனுப்பியவர் பதிலின்றி, நேரம் கடந்து இணைப்பு அறுபடும் வரை காத்திருப்பார். புதிய நோட்டிலோ ப்ராசஸே விழும். 2014லேயே முன்னோட்டம் காட்டிய ஐந்தாம் பதிப்பு, 2024இல் முறையாக வெளிவந்து இக்குறையைத் தீர்த்தது. இப்போது தோற்ற பிராமிஸ் தானாகவே பிழை மிடில்வேரிடம் ஒப்படைக்கப்படுகிறது. எந்தப் பதிப்பாலும் தீர்க்க இயலாதது ஒன்றுண்டு: பதிலின் தலைப்பும் ‘200, சரி’ என்ற எண்ணும் போய்விட்ட பிறகு பிழை நேர்ந்தால், சொன்னதைத் திரும்பப் பெற வழியில்லை, இணைப்பை அறுத்து, வந்தது முழுமையன்று என்று மறுமுனை உணரச் செய்வதே எஞ்சிய வழி.

பிழை உரியவரிடம் சேர்ந்தபின், அவர் செய்ய வேண்டியது யாது? இங்கே, நோட்டை வளர்த்த ஜாயண்ட் நிறுவனத்தார் வகுத்துக்கொண்ட ஒரு பாகுபாடு மிகவும் பயனுள்ளது. தரவுத்தளம் இணைப்பை மறுப்பது, எதிர்முனை இடையிலே துண்டிப்பது, கேட்ட கோப்பு இல்லாதிருப்பது, பயனர் பிறந்த தேதிக்குரிய இடத்தில் வேறொன்றை நிரப்புவது ஆகியவை சரியாக எழுதப்பட்ட நிரலுக்கும் நேரக்கூடியவை. இவை இயக்கப் பிழைகள். அன்டிஃபைன்டில் ஒரு பண்பைத் தேடுவது, எண்ணை எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்குச் சரத்தைக் கொடுப்பது ஆகியவை நிரல் எழுதியவர் செய்த தவறுகள். முன்னவற்றுக்கு நிரலில் விடை எழுதியிருக்க வேண்டும். பின்னவற்றுக்கு நிரலில் விடை எழுதவே முடியாது. ஏனெனில் அந்த நிரல்தான் தவறு. அங்கே ஓட்டத்தை நிறுத்தி, புதிதாய்த் தொடங்குவதே நியாயம் என்பது அவர்கள் கொள்கை.

நின்று புதிதாய்த் தொடங்குவது கோழைத்தனமன்று. அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. 1985இல் டாண்டெம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஆராய்ந்து, பரிசோதனைகளைத் தாண்டி நடைமுறைக்கு வந்த மென்பொருளில் எஞ்சியிருக்கும் தவறுகளுள் மிகப்பல தற்காலிகமானவை, மறுபடி தொடங்கினால் தோன்றாதவை என்று எடுத்துக்காட்டினார். எரிக்ஸனில் எர்லாங் மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜோ ஆர்ம்ஸ்ட்ராங், விழுவதை விழவிட்டு மேற்பார்வையாளர் அதை மீண்டும் எழுப்பும் முறையை 2003இல் தம் ஆய்வேட்டில் வகுத்துரைத்தார். ஆனால் எர்லாங்கின் அனுபவத்தை நோட்டுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. அங்கே ஒவ்வொரு சிறு ப்ராசஸுக்கும் தனித்தனி நினைவகம்; ஒன்று மடிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு மாத்திரம் அறுபடும். நோட்டிலோ ஒரு ப்ராசஸ் மடிந்தால் அது சுமந்திருந்த வேண்டுகோள் அனைத்தும் மடியும். குறிப்பிட்ட ஒரு வேண்டுகோள் சர்வரை வீழ்த்தும் என்று விஷமி ஒருவன் கண்டுகொண்டால், அதையே திரும்பத் திரும்ப அனுப்பிச் சேவையை எழவொட்டாமல் செய்யலாம்.

1996 ஜூன் 4ஆம் தேதி, ஏரியான் 5 ராக்கெட்டின் முதற்பயணம் ஏறத்தாழ நாற்பது வினாடிகளில் முடிந்துபோனதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றபோது எக்ஸெப்ஷன் எழுந்தது. அதைப் பிடிப்பார் இல்லை. திசையறியும் கணினி, தனக்கு விதிக்கப்பட்டிருந்தபடி தன்னை நிறுத்திக்கொண்டது. அதன் மாற்றுக் கணினியோ அதே நிரலை ஓட்டி, அதே எண்ணைக் கண்டு, கணநேரம் முன்னரே நின்றிருந்தது. எக்ஸெப்ஷன் என்றால் வன்பொருளில் தற்செயலாக நேர்ந்த பழுது என்று வடிவமைத்தவர்கள் கொண்டிருந்த அனுமானமே அந்த விதியின் அடிப்படை. தற்செயலான பழுதுக்கு மாற்றுக் கணினி மருந்து. நிரலிலேயே உள்ள தவறுக்கு அது மருந்தாகாது. அதைவிடத் துயரமானது, அந்தக் கணக்கீடு தரையை விட்டு எழும்பிய பிறகு அந்த ராக்கெட்டுக்குத் தேவையே இல்லாத ஒன்று என்பது.

ஆகையால் நான் நடுவழி ஒன்றையே சிபாரிசு செய்வேன். ஒரு வேண்டுகோளின் சொந்தச் சங்கிலிக்குள் எழுந்து, பிழை மிடில்வேரிடம் ஒழுங்காக வந்துசேர்ந்த தவறுக்கு, ‘500’ என்று அந்த ஒருவருக்குப் பதில் சொல்லிவிட்டு, ப்ராசஸ் வாழலாம். வேண்டுகோள்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் மாறிகளை மிகக் குறைவாக வைத்திருந்தால் இது பெரும்பாலும் பத்திரமானதே. எச்சங்கிலியையும் சேராமல் கடைசி வாசலுக்கு வந்த பிழைக்கு ப்ராசஸ் நிற்க வேண்டும்: புது இணைப்புகளை ஏற்பதை நிறுத்தி, கையிலுள்ளவற்றை முடிக்கச் சில வினாடி அவகாசம் தந்து, அந்த அவகாசம் கடந்தால் எது மிச்சமிருப்பினும் வெளியேறி, பூஜ்யமல்லாத எண்ணால் தன் மேற்பார்வையாளருக்கு அதை அறிவிக்க வேண்டும். அந்த மேற்பார்வையாளர் சிஸ்டம்டியோ குபர்னெட்டீஸோ, யாராயினும், அடுத்தடுத்து விழும் ப்ராசஸைக் கண்மூடி எழுப்பாமல் இடைவெளியை வளர்த்துக்கொண்டே போக வேண்டும்.

மறுமுயற்சி செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அதன் ஆபத்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடை வரவில்லை என்பது வேலை நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாகாது. பணம் கழிக்கப்பட்டு, கழித்த செய்தி மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி அடையாளம் இட்டு, அதே அடையாளம் மறுபடி வந்தால் புதிதாகச் செய்யாமல் பழைய விடையையே தரும்படி அமைக்காத சர்வரில், தானாக மறுமுயற்சி செய்யும் நிரலைச் சேர்ப்பது பெருந்தவறு.

பிழை பயணம் செய்யும்போது தன் வரலாற்றையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் எதையும் எறியலாம். வெறும் சரத்தை எறிபவர், அது எங்கே பிறந்தது என்ற தடயமின்றி எறிகிறார். கீழிருந்து வந்த பிழையைப் பிடித்து, ‘ஏதோ தவறு நிகழ்ந்தது’ என்று புதிதொன்றை எறிபவர், மூல காரணத்தை அழித்தே விடுகிறார். புதிய பிழைக்குள் பழையதைக் காரணமாகப் பொதிந்துவைக்கும் வசதியை மொழியின் 2022ஆம் ஆண்டுத் தரம் அளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமைக்கு இனிச் சாக்கு இல்லை. எந்த வேண்டுகோளைச் சார்ந்தது என்ற அடையாளத்தை அஸிங்க் எல்லைகளைத் தாண்டிக் கொண்டுசெல்ல ‘அஸிங்க்லோக்கல்ஸ்டோரேஜ்’ என்ற கருவி 2020 முதல் நோட்டிலேயே உள்ளது. இந்த வரலாறு முழுதும் லாகுக்கு உரியது, பயனருக்கு உரியதன்று. உற்பத்திச் சூழல் என்று குறிக்கும் மாறியை அமைக்க மறந்த எக்ஸ்பிரஸ் சர்வர், தன் கோப்புப் பாதைகளும் ஃபங்ஷன் பெயர்களும் அடங்கிய ஸ்டாக் டிரேஸ் முழுவதையும் கேட்டவருக்கெல்லாம் அனுப்பிவிடும். பயனருக்குச் சொல்ல வேண்டியது வேறு: தவறு அவருடையதா, நம்முடையதா, மறுபடி முயன்றால் பயனுண்டா. எச்.டி.டி.பி.யின் எண்கள் இந்தப் பொறுப்பைப் பிரித்துச் சொல்லவே ஏற்பட்டவை. 400 என்றால் உன் வேண்டுகோளில் குறை. 500 என்றால் என்னிடம் குறை. 503 என்றால் சற்றுப் பொறுத்து வா. எல்லாவற்றுக்கும் 200 என்று பதில் சொல்லி, பிழையை உள்ளடக்கத்தில் ஒளித்துவைக்கும் செயலிகள் நடுவிலுள்ள அனைவரிடமும் பொய் சொல்கின்றன: கேஷ் அந்தப் பிழையைச் சேமித்துப் பலருக்கும் வழங்கலாம், சுமைபகிர்வான் நோயுற்ற சர்வரை ஆரோக்கியமானதென்று கருதி மேலும் வேண்டுகோள்களை அனுப்பும், கண்காணிப்புக் கருவி விடியும்வரை மௌனமாயிருக்கும்.

டொராண்டோ ஆய்வில் நான் முன்னே சொல்லாத பகுதியொன்று உண்டு. அந்தக் கொடிய தோல்விகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல், வெறுமையாக விடப்பட்ட அல்லது லாகில் ஒரு வரி எழுதி ஓய்ந்த கேட்ச் பகுதிகள், ‘பின்னர் எழுத வேண்டும்’ என்று குறிப்பிட்டு எழுதப்படாமலே போனவை, அளவுக்கு மீறி எல்லாவற்றையும் பிடித்துச் சேவையை நிறுத்தியவை என்ற மிக எளிய தவறுகளால் நேர்ந்தவை. அவற்றைத் தேட அவர்கள் எழுதிய ஆஸ்பிரேட்டர் என்ற சிறு கருவி கண்டெடுத்தவற்றுள் 143ஐ அந்தந்த மென்பொருளாரே ஒப்புக்கொண்டார்கள் அல்லது திருத்தினார்கள். ஆராய்ந்த தோல்விகளில் 77 சதவீதத்தை ஒரு யூனிட் டெஸ்டிலேயே மறுபடி நிகழ்த்திக் காட்ட முடிந்தது. தரவுத்தளம் விடை தருவதற்குப் பதிலாகப் பிழை தருவதுபோல் பாவனை செய்யும் சோதனையொன்றை எழுதி, எத்தனை வினாடியில், எந்த எண்ணுடன் பதில் வருகிறது, லாகில் மூல காரணம் நிற்கிறதா, கடன் வாங்கிய இணைப்பு திரும்பியதா என்று பார்ப்பதற்கு அரைநாள் போதும்.

ஜாவாஸ்கிரிப்டுக்கும் அத்தகைய கருவிகள் உண்டு. வெறுமையான கேட்சைச் சுட்டும் விதி ஈ.எஸ்.லின்ட்டில் இருக்கிறது, டைப்ஸ்கிரிப்டில் எழுதுவோருக்கு, வாங்குவாரற்று மிதக்கும் பிராமிஸ் ஒவ்வொன்றையும் வரியெண்ணுடன் காட்டும் விதியும் இருக்கிறது. அது சுட்டும் ஒவ்வோர் இடத்திலும் அவெயிட் எழுதலாம், கேட்ச் எழுதலாம், உண்மையாகவே அதன் விடை தேவையில்லையென்றால் ‘வாய்ட்’ என்ற சொல்லை முன்னிட்டு, இதைத் தெரிந்தே விடுகிறேன் என்று எழுதிவைக்கலாம். அடுத்து அந்நிரலைப் படிக்க வருபவர், விட்டது மறதியா முடிவா என்று அந்தச் சொல்லைக் கொண்டே தெரிந்துகொள்வார்.